இரவு ஷிப்ட் பார்க்கும் கிறிஸ்தவ ஆண்களுக்கு பட்டன் போன்: என் ரிவ்யூ

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்கிற வேலை உங்களுக்கு, கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் கண் எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும், ஜெபம் பண்ணியும் உபவாசம் இருந்தும் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறீர்கள் என்றால், 1,500 ரூபாய்க்குள் ஒரு சாதாரண பட்டன் போன் வாங்குங்கள். வேலைக்கு அதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, இந்த விலையில் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான்.

கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று தேடி வந்தவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. சபையில் நம் பக்கத்தில் நின்று பாடுகிற, திருவிருந்து எடுக்கிற, வீட்டில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிற ஆண்களில் நிறைய பேர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரிடமும் வாய் திறக்க முடியாமல் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு சீசன் ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரியும். மே மாதம் சூடுபிடித்தால் ஜூலை வரை இழுக்கும். பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர், டெம்போ, லாரி எல்லாம் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். எனக்கு வேலை எடைமேடையில். லோடோடு ஒரு எடை, காயை இறக்கிவிட்டு வந்த பிறகு காலி வண்டிக்கு ஒரு எடை, கழித்துச் சீட்டு போட்டுக் கொடுக்க வேண்டும். வண்டி அடுத்தடுத்து வரும்போது தலைதூக்க நேரம் இருக்காது. ஆனால் ராத்திரி 1 மணிக்கு மேல் உள்ளே யார்டில் இடம் இல்லாமல் இறக்குவது நின்றுபோனால், அடுத்த வண்டி மேடை ஏற அரை மணியும் ஆகும், ஒரு மணியும் ஆகும். தூங்கவும் முடியாது, எழுந்து வெளியே போகவும் முடியாது. ஒரு சின்ன ரூம், டியூப்லைட், கொசு, கையில் போன்.

அந்த நேரத்தில் யாரும் கெட்டதைப் பார்க்க வேண்டும் என்று போனை எடுப்பதில்லை. மணி பார்க்க எடுப்போம், மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்ப்போம், அப்படியே ரீல்ஸை ஒரு தள்ளு தள்ளுவோம். சமையல் வரும், கிரிக்கெட் வரும், ஒரு பிரசங்கத் துண்டுகூட வரும், அப்புறம் ஒரு டான்ஸ் வரும். அந்த டான்ஸில் விரல் கொஞ்சம் கூடுதலாக நின்றால் போதும், எதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதை வைத்துத்தான் அடுத்தடுத்து அனுப்புகிறார்கள், அதனால் அடுத்ததில் உடை குறையும், அதற்கடுத்ததில் இன்னும் குறையும், நாம் எதையும் தேடவே இல்லை, ஆனால் நமக்கு எது வேண்டும் என்று மாம்சம் நினைக்கிறதோ அது தானாக வந்துகொண்டே இருக்கும். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் நம் நாட்டுக்கு வந்துவிட்டது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸை இந்தியாவில்தான் முதலில் விட்டுப் பார்த்தார்கள். போன ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வந்தன, அதுவும் ஏற்கெனவே எல்லோர் போனிலும் இருந்த ஆப்புகளுக்குள்ளேயே.

2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தை இந்த எடைமேடை ரூமில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். அது பத்சேபாளில் ஆரம்பிக்கவில்லை. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் யோவாபை அனுப்பிவிட்டு தாவீது எருசலேமில் இருந்துவிட்டான் என்று ஆரம்பிக்கிறது. சாயங்காலம் படுக்கையைவிட்டு எழுந்து அரண்மனை உப்பரிகையின்மேல் உலாவுகிறான். கையில் வேலை இல்லாத ஒரு நேரம், தன்னைக் கேட்க ஆள் இல்லாத ஓர் இடம். கோலியாத்தின் முன்னால் விழாதவன் அங்கேதான் விழுந்தான்.

ஃபில்டர் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். போட்டுக்கொள்ளுங்கள், நல்லதுதான், நானும் போட்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டு 9-லிருந்து செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் குடும்பங்களுக்காக 2020-இல் தொடங்கிய இலவச ஃபில்டரின் முகவரியைப் போட்டால் ஆபாசத் தளங்கள் திறக்காது. 2018-இல் அரசாங்கமும் 827 தளங்களை முடக்கச் சொல்லி இன்டர்நெட் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. ஆனால் இதெல்லாம் தளத்தின் பெயரைப் பார்த்துத் தடுக்கிற வேலை. இன்ஸ்டாகிராமைத் திறக்க விட்டால் அதற்குள் வருவதெல்லாம் வரத்தான் செய்யும். போன் செட்டிங்ஸிலேயே இருக்கிற டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஒரு ஆப்புக்கு இவ்வளவு நேரம்தான் என்று குறிக்கலாம், நேரம் முடிந்ததும் ஆப் நின்றுவிடும், சரி, ஆனால் அதைத் திரும்பத் திறந்துவிடுகிற கையும் நம்முடையதுதான். பகலில் நல்ல தீர்மானத்தோடு பூட்டுகிற அதே ஆள் ராத்திரி 2 மணிக்குக் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பான். ஃபில்டர், டைமர் எல்லாமே அந்த நேரத்திலும் நாம் பலமாக இருப்போம் என்று நம்பிச் செய்த ஏற்பாடு.

வேதம் அப்படி நம்பச் சொல்லவில்லை. இதை நம் சபைகளில் சரியாகச் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு வருத்தம். பிசாசைப் பற்றிச் சொல்லும்போது யாக்கோபு "எதிர்த்து நில்லுங்கள்" என்கிறார், அப்பொழுது அவன் ஓடிப்போவான். இச்சையைப் பற்றிச் சொல்லும்போது பவுல் நின்று போராடு என்று சொல்லவே இல்லை. கொரிந்தியருக்கு "வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்" என்று எழுதுகிறார், தீமோத்தேயுவுக்கும் பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு "விலகியோடி" என்றே எழுதுகிறார். யோசேப்பு போத்திபாரின் மனைவிக்கு ஒரு நல்ல பிரசங்கம் செய்துவிட்டு அதே அறையில் உட்கார்ந்திருக்கவில்லை, வஸ்திரத்தை அவள் கையில் விட்டுவிட்டு வெளியே ஓடினான், அதற்காக சிறைக்கும் போனான். ஆனால் நம் ஆண்களுக்கு ஓடுவது கோழைத்தனமாகத் தெரிகிறது. "பிரதர், போனை வச்சுக்கிட்டே ஜெயிக்கணும், அதான் விசுவாசம்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். எனக்கு அது விசுவாசமாகப் படவில்லை. தேவன் ஓடு என்று சொல்கிற இடத்தில் நிற்பது கீழ்ப்படியாமைதான். பட்டன் போன் எனக்குப் பிடித்ததற்கு இதுவே காரணம், அது ஓடுவதற்கு வழி பண்ணிக்கொடுக்கிறது.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கியது கிருஷ்ணகிரி டவுனில் ஒரு செல்போன் கடையில். கடைப்பையன் "அப்பாவுக்கா சார்?" என்றான். எனக்குத்தான் தம்பி என்றதும், "அப்ப யூடியூப் வர்ற மாடல் எடுத்துக்கோங்க சார், கொஞ்சம்தான் கூட" என்று இன்னொன்றை எடுத்து வைத்தான். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். பட்டன் இருப்பதாலேயே அது நாம் நினைக்கிற பட்டன் போன் ஆகிவிடாது. 2018-லேயே ஜியோபோனில் வாட்ஸ்அப்பும் யூடியூபும் வந்துவிட்டன. இப்போது வருகிற 4ஜி பட்டன் போன்கள் சிலவற்றில் ஷார்ட்ஸ்கூட ஓடுகிறது. கட்டைவிரல் அளவு திரையாக இருந்தாலும் ராத்திரி 2 மணிக்கு அதுவே போதும். எனவே கடையிலேயே போனை ஆன் பண்ணச் சொல்லி மெனு முழுவதும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிரவுசர், வீடியோ ஆப், கேம்ஸ் என்று என்ன இருக்கிறது என்று பார்த்து, எதுவும் இல்லாததை எடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். "இன்டர்நெட்டே வரக்கூடாது தம்பி" என்று நான் சொன்னபோது அந்தப் பையன் ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்தான், அப்புறம் கீழ்த்தட்டிலிருந்து சரியானதை எடுத்துக் கொடுத்தான்.

இன்னொன்று சிம். விலை குறைந்த பட்டன் போன் பெரும்பாலும் 2ஜி. ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க் கிடையாது, அதனால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. ஜியோதான் வேண்டும் என்றால் 4ஜி பட்டன் போனில் வீடியோ எதுவும் வராத மாடலைத் தேட வேண்டும், கிடைக்கும், கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

போனைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. சின்னத் திரை, கழற்றி மாட்டுகிற பேட்டரி, டார்ச், எஃப்எம், மெமரி கார்டு போட இடம். ஒரு தடவை சார்ஜ் போட்டால் சில நாள் வருகிறது, ஷிப்டில் சார்ஜர் தேடும் வேலையே இல்லை. டார்ச் நல்ல வெளிச்சம், வண்டிக்கு அடியில் சக்கரம் மேடையில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஸ்மார்ட்போன் வெளிச்சத்தைவிட இதுவே வசதி, கீழே விழுந்தாலும் பதறத் தேவையில்லை. எஸ்எம்எஸ் அடிக்க மட்டும் பொறுமை வேண்டும். தமிழில் அடிப்பதற்குப் பதிலாகக் கூப்பிட்டே பேசிவிடலாம்.

எனக்கு உண்மையில் பிரயோஜனப்பட்டது மெமரி கார்டு. தமிழ் ஆடியோ வேதாகமத்தை எம்பி3-யாக வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிக்கொண்டேன். ஒரு சின்ன விஷயம், ஃபைல் பெயர்களுக்கு முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள், இல்லாவிட்டால் 1-ஆம் அதிகாரத்துக்கு அப்புறம் 10, 11 என்று தாவிப் போகும். 119-ஆம் சங்கீதம் 176 வசனம், இரண்டு வண்டிக்கு நடுவில் முழுசாகக் கேட்டுவிடலாம். "மாயையைப் பாராதபடி நீர் என் கண்களை விலக்கி" என்று அதில் 37-ஆம் வசனம் வரும்போது ஒவ்வொரு முறையும் நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். ஸ்மார்ட்போனிலும் பைபிள் ஆப் இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது, நல்ல ஆப்தான், ஆனால் ஒரு அதிகாரம் முடிவதற்குள் மேலே மூன்று நோட்டிஃபிகேஷன் வந்து நிற்கும், ஒன்றைத் தொட்டால் வேதம் எங்கேயோ போய்விடும். இதில் அப்படி ஒன்றும் வராது. காதில் வசனம், கண் ரோட்டில். போரடித்தால் தருமபுரி பண்பலை 102.5 இருக்கிறது, எங்கள் பக்கம் நன்றாகவே எடுக்கும். பழைய பாட்டு கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

கஷ்டங்களும் உண்டு, மறைக்கவில்லை. முதல் கஷ்டம் வாட்ஸ்அப். ஆபீஸ் குரூப், சபை குரூப், வாலிபர் ஜெபக் குரூப், எல்லாமே அதில்தான். நான் செய்தது என்னவென்றால், பழைய சிம்மை ஸ்மார்ட்போனிலேயே விட்டு போனை வீட்டில் வைத்துவிட்டேன், அந்த நம்பருக்கு வரும் கால்கள் பட்டன் போனில் போட்ட புது நம்பருக்கு வரும்படி ஃபார்வர்டு போட்டேன். ஃபேக்டரி சம்பந்தமான மெசேஜ் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பில் வரும், அந்தக் கம்ப்யூட்டர் நாலு பேர் வந்துபோகிற இடத்தில் இருக்கிறது. பணம் அனுப்புவது, பில் கட்டுவது எல்லாம் பகலில் வீட்டில் இருக்கும்போது. பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்ப யுபிஐ 123பே என்று 2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த வசதி இருக்கிறது, அவசரத்துக்கு ஆகும், ஆனால் டீக்கடையில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு அழுத்திக்கொண்டிருக்க முடியாது. பையில் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். டிரைவர்கள் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள், என் போனில் முடியாது என்றால் அவர்கள் போனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மேப் இல்லாதது எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய பிரச்சினை, ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்மார்ட்போன் வீட்டில் இருக்கிறது என்றால் மனைவியிடம் இருக்கிறது என்று அர்த்தம். லாக் நம்பர் அவளுக்கும் தெரியும். ஏன் இப்படிச் செய்கிறேன் என்று உட்கார்ந்து சொன்னேன், விவரமாக இல்லாவிட்டாலும் உண்மையாகச் சொன்னேன். கல்யாணமான சகோதரர்கள் தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். மனைவிக்குத் தெரியாமல் இரண்டாவது போன், இரண்டாவது நம்பர் என்று ஆரம்பித்தால் அதுவே வேறு ஒரு சந்தேகத்துக்கு வழி.

அப்புறம் இந்தப் போன் எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பார்த்ததை அது மனசிலிருந்து அழிக்காது. ஆரம்ப நாட்களில் கை பாக்கெட்டுக்குப் போய் போனை எடுத்து, பார்க்க ஒன்றும் இல்லாமல் திரும்ப வைக்கும், மனசு தவிக்கும், பழைய காட்சிகள் வரும். நான் ஜெபித்த பெரும்பாலான நல்ல ஜெபங்கள் அந்தத் தவிப்பில்தான் வந்தன. ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தம்பிகளுக்கு இன்னும் கஷ்டம், உங்கள் போனை மாற்றினாலும் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு போன் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே போனை மட்டும் மாற்றினால் போதாது, ரூமையே மாற்றுவதைப் பற்றியும் யோசியுங்கள்.

முக்கியமாக, போன் நம்மைக் கேள்வி கேட்காது. கேட்க ஒரு ஆள் வேண்டும். இதற்கென்றே அமெரிக்காவில் 2000-இல் கவனன்ட் ஐஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள், "என் கண்களோடே உடன்படிக்கைபண்ணின நான்" என்று யோபு 31-இல் வருகிற வசனத்தை வைத்துப் பெயர். நம் போனில் பார்ப்பதைப் பற்றி நாம் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு அது தகவல் அனுப்பும். சந்தா கட்ட வேண்டும். அந்த யோசனை சரியானது என்றே நினைக்கிறேன், ஆனால் அதை இலவசமாகச் செய்ய சபையில் ஒரு அண்ணன் போதும். எங்கள் சபையில் பர்கூர் கிரானைட் யூனிட்டில் வேலை பார்க்கும் ஒருவர் எனக்கு அப்படி இருக்கிறார். அவருக்கும் நைட் ஷிப்ட் உண்டு. "தம்பி, கண்ணு எப்படி இருக்கு?" என்பார், அவ்வளவுதான் கேள்வி. நானும் அதையே திருப்பிக் கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது கஷ்டம். தீமோத்தேயுவுக்கு ஓடச் சொன்ன அதே வசனத்தில், சுத்த இருதயத்தோடே கர்த்தரைத் தொழுதுகொள்ளுகிறவர்களுடனே என்று பவுல் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார். நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டுத் தனியாகவே ஓடப் பார்க்கிறோம்.

நம் ஆண்கள் ஐக்கியக் கூட்டங்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கட்டட நிதி, அசனம், கன்வென்ஷன் பந்தல் எல்லாம் பேசுகிறோம், இதைப் பேசுவதில்லை. பேசினாலும் பெண்கள் உடுத்துவதைப் பற்றிய பேச்சாகத் திரும்பிவிடுகிறது. யோபு எந்தப் பெண்ணையும் குறை சொல்லவில்லை, உடன்படிக்கை பண்ணினது தன் கண்களோடு. பாஸ்டர்மார், ஐயர்மார் இதைப் படித்தால், வருஷத்துக்கு ஒரு கூட்டமாவது ஆண்களை மட்டும் உட்காரவைத்து இதை நேராகப் பேசுங்கள். கேட்க ஆள் இருக்கிறார்கள்.

யாருக்கு இது ஆகாது என்றால், ஆன்லைன் வகுப்பு இருக்கிற மாணவர்கள், டெலிவரி, டாக்சி ஓட்டுகிறவர்கள், வேலைக்கே ஆப் தேவைப்படுகிறவர்கள். அவர்கள் ஸ்மார்ட்போனிலிருந்து ரீல்ஸ் வருகிற ஆப்புகளை எடுத்துவிட்டு, ப்ளே ஸ்டோர் பாஸ்வேர்டை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைப்பதே மேல். பகலில் கூட்டத்தில் வேலை பார்த்து, ராத்திரி குடும்பத்தோடு தூங்குகிறவருக்கும் அவசியமில்லை, படுக்கப்போகும்போது போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் போனால் போதும். மற்றபடி காவல் வேலை, எடைமேடை, பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி நைட் டியூட்டி, கம்பெனி ஷிப்ட், இந்த மாதிரி ராத்திரியில் காத்திருக்கிற வேலை பார்க்கும் ஆண்களுக்கு 5-க்கு 4 கொடுப்பேன். ஒன்று குறைந்தது வாட்ஸ்அப்புக்காகச் செய்ய வேண்டியிருந்த சுற்றுவேலைக்காக.

வாங்கும்போது பில்லும் வாரண்டி கார்டில் கடை சீலும் மறக்காமல் வாங்குங்கள். மெமரி கார்டு தனியாக வாங்க வேண்டும், 32 ஜிபி போதும், முழு வேதாகமமும் பாட்டுகளும் ஏற்றிய பிறகும் இடம் இருக்கும். ரீசார்ஜுக்கு டேட்டா பேக் போடாதீர்கள், 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்ட பிறகு கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக்குகளையும் கம்பெனிகள் கொடுக்க வேண்டியிருக்கிறது, கடையில் தானாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.